சங்கத்துக்கு ஒரு தலைவர் தேவை

ஏட்டையா சங்கம் ஆரம்பித்தது சேவை மனப்பான்மையால் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அப்படிச் சொல்லிக்கொண்டு திரிந்தவர் அவர்தான். அவரே அதை நம்பவில்லை.

விஷயம் இதுதான். கடல் தாண்டி இருக்கும் மகள் வீட்டுக்கு அவரும் மனைவியும் வந்து ஐந்து மாதமாகியிருந்தது. மகளும் மாப்பிள்ளையும் வேலைக்குப் போகிறவர்கள். ஒன்றரை வயதுப் பேத்தி நடக்கப் பழகி, கண்ணில் பட்ட இழுப்பறையை எல்லாம் திறந்துகொண்டிருந்தாள். மூன்றாவது மாடி, இரண்டு படுக்கையறை, துணி காயப்போடுகிற அளவுக்கு ஒரு பால்கனி. ஏட்டையாவின் மனைவி வந்த மூன்றாம் வாரமே கட்டடத்தில் பாதிப் பேருக்குத் தோழியாகிவிட்டாள். மொழி தெரியாது, அதனால் என்ன, நாலாவது மாடிக்காரியிடம் கையை ஆட்டி ஆட்டியே தையல் கற்றுக்கொண்டாள். ஏட்டையாவுக்கு இந்த ஐந்து மாதத்தில் நன்றாகப் பழக்கமான முகம் ஒன்றே ஒன்றுதான். தினமும் இரண்டு வேளை லிஃப்டின் கண்ணாடியில் பார்ப்பது. அது அவருடைய சொந்த முகம்.

அந்த மாதக் கடைசி வெள்ளிக்கிழமைக்குள் ஒரு விண்ணப்பம் அனுப்பியாக வேண்டும். அனுப்பினால் பெரியவர்கள் இங்கேயே தங்கலாம். அனுப்பாவிட்டால் ஆறு மாதம் முடிந்ததும் விமானம் ஏற வேண்டும். மனைவி, கேட்ட அன்றைக்கே, "நான் குழந்தையோட இருக்கேன்டி" என்று சொல்லிவிட்டாள். ஏட்டையாவிடம் மகள் ஞாயிறுதோறும் கேட்டாள்.

"அப்பா, நீங்க போறீங்களா, இருக்கீங்களா?"

"ஏன், அவசரமா?"

"அவசரம் இல்லப்பா. ஃபாரம் அனுப்பணும்."

"மாப்பிள்ளை ஏதாச்சும் சொன்னாரா?"

"அவர் ஒண்ணும் சொல்லல. உங்களுக்கு என்ன விருப்பம்?"

"எனக்கென்ன விருப்பம்? நீ என்ன நினைக்கிற?"

மகள் பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்து போய்விடுவாள். கேள்விக்குக் கேள்வியையே திருப்பிக் கொடுப்பது, முப்பத்தைந்து வருடப் போலீஸ் உத்தியோகம் ஏட்டையாவுக்குக் கொடுத்த வியாதி. பென்ஷன் வந்த பிறகும் வியாதி விடவில்லை.

உள்ளதைச் சொல்லப்போனால் அவருக்கு இருக்கத்தான் ஆசை. தனியாகத் திரும்பிப் போய், அந்தப் பூட்டிய வீட்டைத் திறந்து, உள்ளே காலை வைப்பதை அவரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. அங்கே அடுப்பில் எந்தத் திருகு எதற்கு என்றுகூட அவருக்குத் தெரியாது. ஒரு முட்டையை எத்தனை நிமிடம் வேகவைப்பது என்பது அவர் கண்டுபிடிக்காத பல வழக்குகளில் ஒன்று. ஆனால் மாப்பிள்ளை வாடகை கட்டுகிற வீட்டில் நின்றுகொண்டு, "என்னையும் வெச்சுக்குங்க" என்று எப்படிக் கேட்பது? ஆயுள் முழுக்க மனு வாங்கிய கை. மனு கொடுக்க அதற்குக் கூச்சமாக இருந்தது.

அதனால் ஏட்டையா ஒரு திட்டம் போட்டார். தனக்கு இங்கே ஒரு பதவி வந்துவிட வேண்டும். தவிர்க்க முடியாத பதவி. "என்ன பண்றது, போகலாம்னுதான் பாத்தேன், இவங்க விடமாட்டேங்குறாங்க" என்று அலுத்துக்கொண்டே தங்கிவிடலாம். யாரிடமும் கேட்டமாதிரி இருக்காது. கௌரவத்துக்கும் பழுது வராது. இப்படியாக, வெளிநாட்டில் வாழும் ஓய்வுபெற்ற காவல்துறையினர் சங்கம் ஏட்டையாவின் மண்டைக்குள் உதயமாயிற்று. அதற்குத் தலைவராக அவரே போட்டியின்றித் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஓட்டுப் போட்டதும் அவர் ஒருவர்தான்.

அறிவிப்பை மகள்தான் தட்டச்சு செய்து கொடுத்தாள்.

"தலைவர்னு போட்டாச்சு. கீழ பதவி என்னப்பா போட?"

"இன்ஸ்பெக்டர், ஓய்வு."

மகள் திரும்பிப் பார்த்தாள். "அப்பா, நீங்க ஏட்டுதானே?"

"விமானத்துல வரும்போது ப்ரமோஷன் ஆயிருச்சு. போடும்மா."

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு அடித்தாள். ஏட்டையாவுக்கே கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது. ஆனால் ஒரு ஏட்டு கூப்பிட்டால் எந்த அதிகாரி வருவான்? ஆனது ஆகட்டும் என்று, அந்தத் தாளை நூலகத்தில் தமிழ்ப் புத்தக அலமாரிக்குப் பக்கத்துப் பலகையில் குத்திவிட்டு வந்தார். சமூகக் கூடத்துப் பொறுப்பாளர் அம்மாவிடம் மகளை விட்டுப் பேசவைத்து, புதன்கிழமை காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை ஒரு சின்ன அறையும் வாங்கியாயிற்று. மூன்று புதன்கிழமை பார்ப்போம், சரிப்பட்டு வராவிட்டால் அறையை நடன வகுப்புக்குக் கொடுத்துவிடுவோம் என்று அந்த அம்மாள் முகம் கோணாமல் சொல்லிவிட்டாள். மூன்றாவது புதன் முடிந்து இரண்டே நாளில் அந்த வெள்ளிக்கிழமை வந்தது.

உறுப்பினர் விண்ணப்பம் ஒன்றும் ஏட்டையா தயாரித்தார். அதுதான் அவர் கைவரிசை. பெயர், தகப்பனார் பெயர் என்று நல்லபடியாக ஆரம்பித்து, போகப் போகப் பேனா பழைய தடத்தில் இறங்கிவிட்டது. மொத்தம் இருபத்தாறு கேள்வி. பதினான்காவது கேள்வி, அங்க அடையாளங்கள் இரண்டு. பத்தொன்பதாவது, உங்களை அடையாளம் காட்டக்கூடிய உள்ளூர்வாசிகள் இருவர். இருபத்து மூன்றாவது, கடந்த பத்து வருடங்களில் வசித்த முகவரிகள். மாப்பிள்ளை அதைப் படித்துவிட்டு, "மாமா, இது சங்கத்துல சேர்றதுக்கா, ஜாமீன் எடுக்குறதுக்கா?" என்று மெதுவாகக் கேட்டார். ஏட்டையா காது கேட்காதவர்போல் இருந்துவிட்டார்.

வேடிக்கை என்னவென்றால், வந்த மூன்று பேரும் அந்த விண்ணப்பத்தை ஒரு முணுமுணுப்புக்கூட இல்லாமல் நிரப்பிக் கொடுத்தார்கள். இடது புருவத்துக்கு மேல் ஒரு மச்சம், வலது முழங்காலில் ஒரு தழும்பு என்று சுத்தமாக எழுதியிருந்தார்கள். போலீஸ்காரர்கள் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டுமா?

ஒருவர் ஆறடி உயரம், காதைத் தொடும் மீசை. பதவி என்ற இடத்தில் டி.எஸ்.பி. என்று இருந்தது. இன்னொருவர் சாம்பல் நிற ஸ்வெட்டரைக் கழற்றவே மாட்டார். அவர் இன்ஸ்பெக்டர், ஸ்பெஷல் டூட்டி. மூன்றாவது, நரைத்த முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்ட ஒரு அம்மா. மருமகள் வீட்டோடு இருக்கிறவர். அவரும் இன்ஸ்பெக்டர் என்றே எழுதியிருந்தார்.

முதல் புதன்கிழமை ஏட்டையா பத்து மணிக் கூட்டத்துக்கு ஒன்பதேகாலுக்கே போய்விட்டார். இடத்தை நோட்டம் பார்க்கத்தான். போனால், மீசைக்காரர் எதிர்ப் பக்கத்து நடைபாதையில் நின்று நோட்டம் பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்வெட்டர்காரர் நிறுத்தியிருந்த கார்களைச் சுற்றி வந்தார். அந்த அம்மா பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து, பஸ்ஸை விட்டுவிட்டு இவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். முக்கால் மணி நேரம் நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காதமாதிரி பார்த்துக்கொண்டே நின்றார்கள்.

அறைக்குள் போனதும் அடுத்த கூத்து. வட்டமாக நாற்காலி போட்டிருந்தது. நாலு பேருக்கும் கதவைப் பார்த்து உட்கார வேண்டும், முதுகுக்குப் பின்னால் ஆள் இருக்கக் கூடாது. அதனால் ஆளுக்கொரு நாற்காலியை இழுத்துக்கொண்டு போய் ஒரே சுவரில் வரிசையாக முதுகை ஒட்டிக்கொண்டார்கள். பல் டாக்டரிடம் காத்திருப்பவர்கள்போல நாலு பேரும் கதவையே பார்த்தபடி இருந்தார்கள். பேச்சை ஆரம்பிப்பது தலைவர் பொறுப்பல்லவா, ஏட்டையா கனைத்துக்கொண்டார்.

"சாருக்கு இங்க வந்து எத்தனை வருஷமாச்சு?"

"எதுக்குக் கேக்குறீங்க?" என்றார் மீசைக்காரர்.

"சும்மாதான்."

"சும்மா யாராச்சும் கேப்பாங்களா?"

"வீடு பக்கத்துலதானா?" என்றார் ஸ்வெட்டர்காரர், அந்த அம்மாவைப் பார்த்து.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார் அந்த அம்மா.

கேள்வி கேட்க நாலு பேர். பதில் சொல்ல ஒருத்தர் இல்லை. பன்னிரண்டு மணிக்கு எழுந்தபோது அவர்களைப் பற்றி ஏட்டையாவுக்குத் தெரிந்தது, விண்ணப்பத்தில் இருந்த மச்சமும் தழும்பும்தான். வீட்டில் மனைவி, "கூட்டம் எப்படி?" என்றாள். "யார் கேக்கச் சொன்னா?" என்று வாய் வரை வந்ததை விழுங்கிவிட்டு, "பிரமாதம்" என்றார்.

இரண்டாவது புதன்கிழமை டீயில் வந்து நின்றது. அறையில் வெந்நீர்க் கெட்டில், டீத்தூள், கோப்பை எல்லாம் இருந்தன. ஆனால் உத்தியோக காலத்தில் டீ என்பது தானாக மேசைக்கு வருகிற பொருள். யாரோ ஒரு கீழ்நிலைக்காரர் கொண்டுவந்து வைப்பார். இங்கே கீழ்நிலை யார்? ஒரு டி.எஸ்.பி., மூன்று இன்ஸ்பெக்டர். மூவரில் இளையவர் யார் என்று பார்க்கப் பதவி உயர்வு வந்த வருடத்தைக் கேட்க வேண்டும். ஏட்டையா கேட்கவில்லை. கேட்டால் தன் வருடத்தைச் சொல்ல வேண்டி வருமே. விமானம் ஏறிய வருடத்தையா சொல்வது? மற்றவர்களும் என்ன காரணத்தினாலோ கேட்கவில்லை. கெட்டில் கொதித்து அணைந்தது. மறுபடி ஒருவர் போய் ஸ்விட்சைப் போட்டார். மறுபடி கொதித்து அணைந்தது. கடைசியில் மீசைக்காரர் பொறுமையிழந்தார்.

"ஏம்மா, நீங்க டீ போட்டா என்ன?"

அந்த அம்மா அவரை ஒரு நிமிடம் நிதானமாகப் பார்த்தார். "பாக்கலாம் சார்" என்றார். அவ்வளவுதான். டீ வரவில்லை.

அந்தச் சங்கடத்தில் ஏட்டையா நாற்காலியைப் பின்னால் தள்ளினார். சுவரில் பதித்திருந்த கண்ணாடி அலமாரியில் 'டிக்' என்று ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தால் மற்றவர்களும் பார்ப்பார்கள் என்று திரும்பவே இல்லை. தலைவரின் துணிச்சலுக்கு அது ஒன்று போதும்.

ஞாயிற்றுக்கிழமை மகள் கேட்டாள். இந்தத் தடவை அவள் குரலில் சோர்வு இருந்தது.

"அப்பா, வெள்ளிக்கிழமை கடைசி நாள். என்ன போட?"

"சங்கம் ஒண்ணு ஆரம்பிச்சிருக்கேன்ல, அது எப்படிப் போகுதுன்னு பாத்துட்டுச் சொல்றேனே."

"சங்கம் நின்னா இருப்பீங்க, படுத்தா போயிருவீங்க. அப்படித்தானே?"

ஏட்டையா எழுந்து போய், பேத்தி திறந்துவிட்ட இழுப்பறையை மூடினார். அப்படித்தான். ஒரு டீகூடப் போடத் துப்பில்லாத சங்கத்தின் கையில் தன் தலையெழுத்தைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறோமே என்று தன்னைத் தானே நொந்துகொண்டார்.

மூன்றாவது புதன்கிழமை அவர் போகும்போதே மனதுக்குள் பெட்டியைக் கட்டிவிட்டார். நாலு பேரும் சுவரில் ஒட்டிக்கொண்டு அரை மணி நேரம் கழிந்திருக்கும். பொறுப்பாளர் அம்மாள் ஒரு நோட்டோடு வந்தாள். அலமாரிக் கண்ணாடியில் கீறல் விழுந்திருக்கிறது, பரவாயில்லை, மாற்றிவிடலாம், என்ன நடந்தது என்று யாராவது இதில் இரண்டு வரி எழுதிக் கொடுத்தால் போதும் என்றாள். நரைமுடி அம்மாதான் மொழிபெயர்த்துச் சொன்னார். சொல்லி முடிப்பதற்குள் நாலு வாயிலிருந்தும் ஒரே சமயத்தில், "நான் இல்ல" என்று வந்தது.

பொறுப்பாளர் அம்மாள் நோட்டை மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள். அவ்வளவுதான், அறைக்கு உயிர் வந்துவிட்டது. மூன்று வாரமாக மரக்கட்டையாக இருந்தவர்கள் துள்ளி எழுந்தார்கள். மீசைக்காரர் கண்ணாடியை மூக்கால் தொடுகிற அளவுக்குக் குனிந்து, "அடி வெளியில இருந்துதான்" என்றார். ஸ்வெட்டர்காரர் தரையிலிருந்து கீறல் வரை சாண் போட்டு அளந்தார். "போன வாரம் யார் எங்க உக்காந்தது?" என்று அந்த அம்மா மூவரையும் பார்த்தார்.

விசாரணை தன் நாற்காலியை நோக்கி வருவது ஏட்டையாவுக்குப் புரிந்தது. ஆனால் முப்பத்தைந்து வருடம் ஸ்டேஷனில் இருந்தவருக்கு ஒன்று தெரியும். எழுதுகிறவன்மேல் யாருக்கும் சந்தேகம் வராது. "நீங்க பாருங்க, நான் எழுதிடறேன்" என்று பேனாவை எடுத்து நோட்டை இழுத்துக்கொண்டார். "முதல்ல தமிழ்ல எழுதிக்கலாம்."

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். ஏட்டையா கையால் கெட்டார்.

எழுத ஆரம்பித்ததும் அவருக்குத் தன்னை மறந்துபோயிற்று. தாளை இடப்பக்கம் மூன்றில் ஒரு பங்கு மடித்து ஓரம் விட்டார். மேற்படி அறையில், மேற்படி நாளன்று, காலை சுமார் பதினொரு மணியளவில் என்று வரிகள் மளமளவென்று இறங்கின. ஒரு சொல்லை நடுவில் செருக முடியாதபடி நெருக்கம். அடித்தல் இல்லை, திருத்தல் இல்லை. பத்தி முடிந்து காலியாக இருந்த இடத்தில், பின்னால் யாரும் எதையும் சேர்த்துவிடாமல் இருக்க நீளமாக ஒரு கோடு இழுத்தார். தாளின் அடியில் சின்னதாக, எழுதியவரின் இனிஷியல். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை மட்டும் பழக்கதோஷத்தில் வேறொருவருக்காகக் காலியாக விட்டிருந்தார்.

அந்த அம்மா தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். பிறகு நோட்டைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"சார், இதை நீங்களா எழுதினீங்க?"

"ஆமா, ஏன்?"

"முப்பத்துநாலு வருஷம் சர்வீஸ் போட்டிருக்கேன். எந்த இன்ஸ்பெக்டரும் இப்படி எழுதிப் பாத்ததில்ல. இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போடுவார். எழுத மாட்டார்." அவர் குரலில் கோபம் இல்லை. "இது ஸ்டேஷன் ரைட்டரோட கை."

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு. ஏட்டையாவின் புளுகு மூன்று வாரம் ஓடியதே பெரிய சாதனை. ஆயிரம் பேரைக் கையும் களவுமாகப் பிடித்ததாக எழுதிய கை, இப்போது தானே கையும் களவுமாகப் பிடிபட்டு மேசைமேல் கிடந்தது. மறுக்கலாம் என்று ஒரு கணம் தோன்றியது. மறுத்தவர்கள் எல்லாம் எதிர் நாற்காலியில் என்ன பாடுபட்டார்கள் என்பதை எழுதியவர் அவர்தான். அந்தத் தெம்பு தனக்கு இல்லை என்று அவருக்குத் தெரியும்.

"ஏட்டுங்க" என்றார். "ரைட்டர் ஏட்டு. முப்பத்தஞ்சு வருஷத்துல ஒரு திருடனைக்கூட ஓடிப் புடிச்சதில்ல. புடிச்சிட்டு வந்தவங்க எப்படிப் புடிச்சாங்கன்னு எழுதினவன். துரத்தினேன், மறித்தேன், மடக்கினேன்னு மத்தவங்களுக்காக எழுதி எழுதி எனக்கு உக்காந்த இடத்துலயே மூச்சு வாங்கும். அந்தக் கண்ணாடியும் நான்தான். நாற்காலிய இடிச்சிட்டேன். சத்தம் கேட்டுச்சு. கேக்காத மாதிரி இருந்துட்டேன்."

சொல்லி முடித்ததும் காது சூடாக இருந்தது. ஸ்வெட்டர்காரர்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"ஸ்பெஷல் டூட்டின்னு போட்டிருந்தேன்ல. ஜீப் ஓட்டினது அது. எஸ்.பி. ஜீப். ஆறு எஸ்.பி.யைப் பாத்துட்டேன், எல்லாம் கண்ணாடி வழியா."

மூவரும் மீசைக்காரரைப் பார்த்தார்கள். டி.எஸ்.பி. மீசையை ஒரு தடவை தடவிக்கொண்டார். "பேண்டு" என்றார். "போலீஸ் பேண்டுல பெரிய டிரம் அடிச்சேன். மந்திரி வந்தா நான்தான் முன்வரிசை. மீசைகூட அதுக்காக வெச்சதுதான்."

ஏட்டையாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஸ்வெட்டர்காரரும் மீசைக்காரரும் சிரித்தபடியே நாற்காலிகளில் சாய்ந்தார்கள். மூன்று கிழவர்களும் ஆளுக்கொரு பதவி உயர்வைக் கைப்பெட்டியில் மடித்து வைத்து, கடல் தாண்டிக் கொண்டுவந்திருக்கிறார்கள்! அப்புறம்தான் அந்த அம்மாவின் ஞாபகம் வந்தது.

"அப்ப நீங்க மட்டும்தான் நிஜ இன்ஸ்பெக்டரா அம்மா?"

அந்த அம்மா தலையை ஆட்டினார். "நானும் பொய்தான் எழுதினேன். எஸ்.பி.யா ரிட்டயர் ஆனேன்."

நாற்காலிகள் சுவரில் மோதின. மூவரும் விறைத்து எழுந்து நின்றுவிட்டார்கள். ஸ்வெட்டர்காரரின் கை அவரையும் அறியாமல் நெற்றிக்குப் போய்விட்டது. மீசைக்காரர் முகத்தில் ரத்தமே இல்லை. டீ போடச் சொன்னது யாரை என்று அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும்.

"இதுக்குத்தான்" என்றார் அந்த அம்மா. "இதுக்குத்தான் குறைச்சுப் போட்டேன். இருபது வருஷமா நான் ஒரு ரூமுக்குள்ள போனா எல்லாரும் எழுந்து நிப்பாங்க. பேச்சு நின்னுரும். நான் வெளிய போனப்புறம்தான் மறுபடி சிரிப்புச் சத்தம் கேக்கும். கதவுக்கு இந்தப் பக்கம் நின்னு அதைக் கேட்டிருக்கேன். என்ன சொல்லிச் சிரிக்கிறாங்கன்னு ஒரு நாளும் தெரிஞ்சதில்ல. தயவுசெஞ்சு உக்காருங்க ஐயா."

உட்கார்ந்தார்கள். சுவரோரமாக இல்லை. மீசைக்காரர் தன் நாற்காலியை அந்த அம்மாவின் எதிரே இழுத்துப் போட, மற்றவர்களும் அப்படியே போட்டுக்கொண்டார்கள். ஏட்டையாவின் முதுகு கதவைப் பார்த்து இருந்தது. அது அவருக்கு உறைக்கவே இல்லை. மீசைக்காரர் போய் டீ போட்டார். வாயில் வைக்க முடியாத கசப்பு. அதைக் குடித்துக்கொண்டே, மந்திரி இறங்கும்போது டிரம் குச்சி பறந்துபோய் அவர் மாலையில் சிக்கிய கதையைச் சொன்னார். எஸ்.பி. அம்மா கண்ணில் நீர் வரச் சிரித்தார். பன்னிரண்டரை ஆகியும் யாரும் எழுந்திருக்கவில்லை. பொறுப்பாளர் அம்மாள் எட்டிப் பார்த்துவிட்டு, புதன்கிழமை அறை உங்களுக்குத்தான் என்று சைகையிலேயே சொல்லிவிட்டுப் போனாள்.

கிளம்பும்போது எஸ்.பி. அம்மா சொன்னார். "ஒண்ணு மட்டும். இந்தத் தலைவர், செயலாளர் எல்லாம் வேணாம். மறுபடியும் யார் பெரியவர், யார் சின்னவர்னு ஆரம்பிச்சிரும். வர்றவங்க வரட்டும், பேசுவோம், போவோம்."

"அதுதான் சரி" என்றார் மீசைக்காரர். "ரொம்பச் சரி" என்றார் ஸ்வெட்டர்காரர்.

ஏட்டையாவும் சிரித்துக்கொண்டேதான் தலையை ஆட்டினார். ஆட்டி முடித்த பிறகுதான் விஷயம் புரிந்தது. சங்கம் பிழைத்துக்கொண்டது. தலைவர் பதவி போயிற்று. எதைக் காட்டித் தங்கலாம் என்று நினைத்தாரோ அதையே அவர் கையாலேயே ஒழித்துவிட்டாயிற்று.

"அப்ப நான் வராட்டியும் நடக்குமா?" என்று கேட்டார். விளையாட்டாகக் கேட்பதாகத்தான் நினைத்தார். குரல் அப்படி வரவில்லை.

"தாராளமா நடக்கும்" என்றார் எஸ்.பி. அம்மா. "நீங்க வந்தா நல்லாயிருக்கும்."

வீட்டுக்கு நடந்தே போனார். வழியெல்லாம் புதுக் காரணம் தேடினார். முழங்கால் வலி, இங்கே டாக்டர் நல்லவர் என்று சொல்லலாமா? பேத்திக்குத் தமிழ் சொல்லித்தர ஆள் வேண்டும் என்று? ஒவ்வொன்றும் எழுதும்போது நன்றாக இருக்கும், வாயில் நிற்காது. மூன்று வாரத்துப் பொய்யே அரை பக்கத்தில் மாட்டிக்கொண்டது. இன்னொன்றைக் கட்டி இழுக்க அவருக்குத் தெம்பு இல்லை.

சாயங்காலம் மகள் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தாள். மனைவி பேத்திக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். பேத்தி பாதியைத் தலையில் தேய்த்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை குழாயடியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்.

"என்னப்பா, சங்கம் என்னாச்சு?"

"நல்லா நடக்கும். தலைவர் வேணாம்னுட்டாங்க."

"ஓ" என்றாள் மகள். "அப்ப... போறீங்களாப்பா?"

ஏன், எதற்கு, யார் சொன்னது என்று பழைய சொற்கள் எல்லாம் நாக்கில் வந்து வரிசையில் நின்றன. ஏட்டையா அவற்றை விட்டுவிட்டு, நேரே குழாயடிக்குப் போனார்.

"மாப்ள."

மாப்பிள்ளை திரும்பினார். முழங்கை வரை நுரை.

"நான் இங்கயே இருக்கட்டுமா?"

முதல் தடவையாக ஒரு மனு கொடுத்துவிட்டு, ஏட்டையா நின்றுகொண்டிருந்தார். கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று அவருக்குத் தெரியவில்லை. தன்முன் நின்ற அத்தனை பேரும் கைகளை என்ன செய்தார்கள் என்று நினைத்துப் பார்த்தார். ஒருவருடைய கையும் ஞாபகம் வரவில்லை. அவர் அப்போது தாளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாப்பிள்ளை குழாயை மூடினார். "இருங்க மாமா. உங்கள யாரு போகச் சொன்னா? வாரா வாரம் அவகிட்ட நான்தான் கேட்டுட்டு இருக்கேன், மாமா என்ன சொன்னாருன்னு."

ஏட்டையா மகள் பக்கம் திரும்பினார். "அப்ப நீயே 'இருக்கார்'னு போட்டு அனுப்பியிருக்கலாம்ல?"

"போட்டிருந்தா என்ன சொல்லுவீங்க?" மகளின் குரல் உயர்ந்தது. "'நான் போறேன்னுதான் சொன்னேன், மகதான் புடிச்சு வெச்சுட்டா'ன்னு ஆயுசு பூரா ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிவீங்க. ஒரே ஒரு தடவை உங்க வாயால வரட்டும்னு இருந்தேன்."

ஏட்டையா யோசித்துப் பார்த்தார். "சொல்லியிருப்பேன்தான்" என்றார்.

"எழுதிக்கோடி சீக்கிரம்" என்றாள் மனைவி, பேத்தியின் வாயைத் துடைத்தபடி. "மனுஷன் மாத்திப் பேசுறதுக்குள்ள."

மகள் வேகமாகக் கட்டங்களை நிரப்பிக்கொண்டே வந்தாள். ஒரு இடத்தில் நின்றாள்.

"தங்க விரும்புற காரணம்னு ஒரு கட்டம் இருக்குப்பா. என்ன எழுத?"

ஏட்டையா கனைத்துக்கொண்டு நிமிர்ந்தார். காரணம் எழுதுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. குடும்ப நலன் கருதியும், வயது முதிர்வை முன்னிட்டும், மேற்படி பேரக்குழந்தையின் பராமரிப்புக்காகவும் என்று மூன்று வரி அவருக்குள் தயாராக நின்றது. வாயைத் திறந்தவர், அப்படியே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"தனியா இருக்கப் பயமா இருக்குன்னு போடு."

மகளின் விரல் விசைமேல் அசையாமல் நின்றது. மாப்பிள்ளை ஈரக் கையோடு நின்றார். மனைவி தலை நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். முப்பத்தெட்டு வருடத்தில் அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து அவள் கேட்டதில்லை.

"அப்படியேவாப்பா?"

"அப்படியே."

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒரு சொல்லைக் கூட்டாமல், ஒரு சொல்லைக் குறைக்காமல், அவர் சொன்னதை அப்படியே அடித்தாள்.